களை எடுத்த கைக்கு என்ன கணக்கு?

சாம்பாருக்கு, வற்றல் குழம்புக்கு, காலையில் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ள என்று சின்ன வெங்காயம் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு நாள் ஓடுவதில்லை. விலை ஏறினால் முணுமுணுக்கிறோம். இறங்கினால் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தட்டில் பரப்பி வைக்கிறோம். இந்த வெங்காயத்தை விளைய வைத்தது எது என்று கேட்டால் மண், தண்ணீர், உரம் என்று சொல்வோம். களை எடுத்த பெண்ணின் கையையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஆறு சென்ட் நிலம் எங்களுக்குக் காட்டியது. வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தராசில் நிறுத்துப் பார்த்தோம். அதைத்தான் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் எங்களுக்கு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நானும் மாமியாரும் வெங்காயக் காட்டில் களை எடுக்கிறோம். ஆட்கள் வந்தாலும் அவர்களோடு நாங்களும் உட்காருவோம். அவர்களுக்குச் சாயங்காலம் கூலி. எங்களுக்கு அடுப்பு.

மகள் வேளாண்மைக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது, 2023-ல், "அம்மா, நம்ம காட்டுலேயே ஒரு சின்ன சோதனை போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அப்போது வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. களைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை, இனிமேல் களைக்கொல்லியை அடித்துவிட்டு ஆளே கூப்பிடாமல் இருந்துவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "மருந்து அடிச்ச மண்ணுல வெளைஞ்சத எப்படித் திங்கறது?" என்பார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மகள்தான் நடுவில் புகுந்து, "அப்பா சொல்றதையும் அப்பாயி சொல்றதையும் பாத்தியிலே போட்டுப் பார்த்துடுவோம். காடே சொல்லட்டும்" என்றாள்.

கிணற்று மேட்டை ஒட்டி ஆறு சென்ட் ஒதுக்கினோம். அதில் மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பாத்தி, மொத்தம் பன்னிரண்டு பாத்தி. ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். பழைய புடவையைக் கிழித்து நாலு நிறத்தில் கொடி செய்து குச்சியில் கட்டிக் கொடுத்தேன். வெள்ளைக் கொடி நட்ட பாத்தியில் இரண்டு தடவை கைக்களை. மஞ்சள் கொடி பாத்தியில் நட்ட மூன்றாம் நாளுக்குள் களைக்கொல்லி அடித்து, நாற்பதாம் நாள் ஒரு கைக்களை. பச்சைக் கொடியில் களைக்கொல்லி மட்டும். சிவப்புக் கொடியில் ஒன்றுமே செய்யக்கூடாது. களை முளைத்தாலும் சரி, மூடினாலும் சரி, கை வைக்கக் கூடாது.

எந்தப் பாத்திக்கு எந்தக் கொடி என்பதை மகள் தன் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் நாலு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாள். மாமியாரையே எடுக்கச் சொன்னாள். "இதென்னடி, கோயில்ல பூப்போட்டுப் பார்க்கிற மாதிரி?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார். மகள் விளக்கம் சொன்னாள்: "நானா வச்சா, எனக்குப் பிடிச்ச முறையை நல்ல மண்ணுல வச்சிடுவேன் அப்பாயி. எனக்கே தெரியாம மனசு அப்படிச் செய்யும்." இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் என்ற ஆராய்ச்சிப் பண்ணையில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ஃபிஷர் என்பவர்தான் வயல் சோதனைகளில் இப்படிச் சீட்டுப் போடுவதை முறையாக்கினாராம். ஒரே முறையை மூன்று இடத்தில் வைப்பதும் அதற்காகத்தான். ஒரு பாத்தியில் எலி தோண்டிவிட்டால், மற்ற இரண்டு பாத்தி உண்மையைச் சொல்லும்.

கார்த்திகை பிறந்ததும் நட்டோம். சின்ன வெங்காயத்தை எங்கள் பக்கம் பெரும்பாலும் விதைக்காயாகத்தான் நடுவது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ வேண்டும் என்ற கணக்கில் ஆறு சென்டுக்கு 36 கிலோ எடுத்தோம். ஒன்றரை அடிக்கு ஒரு பார் கட்டி, பாரின் இரண்டு பக்கமும் நாலு அங்குலத்துக்கு ஒரு காய் ஊன்றினோம். ஒரு காய் ஊன்றினால் அதைச் சுற்றி ஐந்து, எட்டு என்று குட்டி விட்டு ஒரு கொத்தாக வரும். ஏறக்குறைய எழுபது நாளில் வேலை முடிந்துவிடும். அந்த எழுபது நாளில் முதல் நாற்பது நாள் களை எடுக்காமல் போனால் மீதி முப்பது நாளில் என்ன செய்தும் ஈடுகட்ட முடியாது.

ஏன் என்று மகள் சொல்லித்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வெங்காயத்துக்குத் தாள் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். நிலத்தில் நிழலே விழாது. கத்தரிச் செடி என்றால் இலையை விரித்துக் கீழே இருக்கிற களையை அமுக்கிவிடும். வெங்காயத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வேரும் ஆழம் போகாது, மேல் மண்ணிலேயே நிற்கும். நாம் போடுகிற உரமும் விடுகிற தண்ணீரும் அதே மேல் மண்ணில்தான் இருக்கின்றன. களையும் அங்கேதான் வேர் விடுகிறது. ஆக, வெயில், தண்ணீர், சத்து மூன்றையும் அது பங்கு கேட்கிறது. முப்பதாம் நாள் மேலுரம் போடும்போது களை இருந்தால், உரத்தைக் களைக்குப் போட்ட மாதிரிதான்.

களைக்கொல்லி அடித்தவர் என் கணவர். பெண்டிமெத்தலின் என்ற மருந்து. அதை முளைத்த களை மேல் அடித்துப் பயனில்லை. களை விதை முளைக்கும் முன்பே ஈர மண்ணில் சீராகப் படிய வேண்டும். டப்பாவில் அச்சிட்ட அளவை மகள் படித்துச் சொல்ல, அதற்கு ஒரு சொட்டு கூடாமல் அளந்தார். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்குத் துணி. நான் ஒன்றே ஒன்று கண்டித்துச் சொன்னேன்: அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு போடக்கூடாது, தனி வாளியில் ஊற வைத்துத் தனியாகத்தான் அலச வேண்டும். மருந்து தெளிக்கிற வீட்டில் அந்தச் சட்டையைத் துவைப்பது நாம்தானே? கர்ப்பிணிப் பெண்கள் அதைத் தொடவே வேண்டாம். காலி டப்பாவில் எண்ணெய் ஊற்றி வைப்பது, தண்ணீர் மொள்ளுவது எல்லாம் அறவே கூடாது. ஓட்டை போட்டு ஒதுக்கிவிட வேண்டும்.

மகள் கல்லூரிக்குத் திரும்பும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் கொடுத்தாள். கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்திருந்தாள். பாத்தி எண், தேதி, வேலை, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். அப்புறம் 'ஆண் ஆள்', 'பெண் ஆள்', 'வீட்டு ஆள்' என்று மூன்று கட்டங்கள்.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "வீட்டு ஆளை எதுக்கு எழுதணும்? நம்ம காட்டுல நாம வேலை செஞ்சதுக்குக் கணக்கா?" என்றார். மகள் சிரிக்கவே இல்லை. "அப்பா, டில்லியிலே வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம்னு ஒண்ணு இருக்கு. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதார விலை சிபாரிசு பண்றவங்க. அவங்க செலவுக் கணக்குலேயே குடும்பத்தோட உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுத்தான் சேர்க்கிறாங்க. அவங்க எழுதறப்போ நாம எழுதினா என்ன?" என்றாள். அவர் பதில் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இருபதாம் நாள் வெள்ளைக் கொடிப் பாத்திகளில் முதல் களை. நானும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்தோம். அவர்களில் மூத்தவரை ஊரே 'ஆயா' என்றுதான் கூப்பிடும். அறுபது வயதுக்கு மேல். அவர் களைக்கொத்தைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெங்காயக் களை மற்றக் களை மாதிரி இல்லை. கொத்து ஒரு விரல் தள்ளிப் போனால் காய் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட காய் அழுகும், பட்டறையில் பக்கத்துக் காயையும் கெடுக்கும். ஆகையால் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிற களையை விரலால்தான் பிடுங்க வேண்டும். கோரையை மேலே கிள்ளினால் நாலு நாளில் மறுபடி நிற்கும். கிழங்கோடு வர வேண்டும். ஆயா கொத்தின் முனையை மண்ணுக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்புவார். கிழங்கு முத்து மாதிரி மேலே வரும். "தாயி, கோரையோட தலையைப் பார்த்து ஏமாந்துடாதே. அதோட உசிரு கீழ இருக்கு" என்பார்.

ஒரு பாத்திக்கு சராசரி ஐம்பது நிமிஷம் ஆனது. மணிக்கூண்டு இல்லாத காட்டில் செல்போனில் நேரம் பார்த்து எழுதினேன். முதல் தடவையாக என் வேலைக்கு ஆரம்பமும் முடிவும் இருந்ததைக் கட்டத்தில் பார்த்தேன். 'வீட்டு ஆள் - 1' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை.

களை எடுக்கும்போது ஆயாவின் மடி நிறைந்துவிடும். தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் தனித் தனியாக ஒதுக்குவார். சாரணை ஒரு கட்டு. அறுகு ஆட்டுக்கு. "பச்சைக் கொடிப் பாத்திப் பக்கம் கீரை பறிச்சுடாதீங்க, மருந்து அடிச்சிருக்கு" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "காடு முச்சூடும் அடிச்சுட்டா எங்க குழம்புச் சட்டிக்குக் கீரை ஏது தாயி?" என்றார். எனக்குச் சட்டென்று சொல்லப் பதில் இல்லை. காசு கொடுத்து வாங்காத அந்தக் கீரை எத்தனை வீட்டில் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகிறது என்பது எந்த நோட்டிலும் ஏறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் பெண்கள் வெளியில் பேசாத விஷயம். களை எடுக்க வருகிற பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. கேட்டால் "தாகமில்லை" என்பார்கள். நடுக்காட்டில் ஒதுங்க மறைவிடம் கிடையாது, அதுதான் காரணம். வெயிலில் ஆறேழு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? எனக்கே வந்து அவதிப்பட்டிருக்கிறேன். அந்த வருஷம் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, தென்னங்கீற்றால் ஒரு மறைப்புக் கட்டச் செய்தேன். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். ஒரு நாள் வேலைதான். அதற்கப்புறம் குடிதண்ணீர்க் குடம் மத்தியானத்துக்குள் காலியானது.

இடுப்பு வலிக்கும் ஒரு வார்த்தை. குத்துக்கால் போட்டே மணிக்கணக்கில் உட்காராமல், சாக்கை நாலாக மடித்துப் போட்டு ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சாயுங்கள். களைச் செடிகளில் பார்த்தீனியம் இருந்தால் வெறும் கையால் பிடுங்க வேண்டாம். தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், சிலருக்கு மூச்சும் இழுக்கும். கையுறை இல்லாவிட்டால் பழைய துணியையாவது கையில் சுற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

நாற்பதாம் நாள் வெள்ளைக்கு இரண்டாம் களை, பாத்திக்கு நாற்பது நிமிஷம். மஞ்சளுக்கு ஒரே களை, பாத்திக்கு முப்பத்தைந்து நிமிஷம். மருந்து அடித்த பாத்திகளில் அதுவரை மண் சுத்தமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். என் கணவர் நடந்து பார்த்துவிட்டு மாமியாரைப் பார்த்துப் புன்சிரிப்புச் சிரித்தார். ஆனால் கோரை மட்டும் எதற்கும் அசையாமல் நின்றது. இந்த மருந்து கோரைக் கிழங்கை ஒன்றும் செய்யாதாம். பச்சைக் கொடிப் பாத்தியில் நாற்பது நாளுக்கு மேல் கோரையும், மருந்தின் வேகம் குறைந்த பிறகு முளைத்த சாரணையும் சேர்ந்து மேலே வந்துவிட்டன.

சிவப்புக் கொடிப் பாத்தியைப் பற்றி என்ன எழுத? அதைத் தாண்டி நடக்கிற ஒவ்வொரு தடவையும் கை பரபரக்கும். ஐம்பதாம் நாள் வெங்காயத் தாளைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ரோட்டில் போகிறவர்கள், "என்னம்மா, வீட்ல ரெண்டு பொம்பளை இருந்தும் இப்படிக் காட்டைப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். களை மண்டிய காட்டைப் பார்த்தால் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் சொல்வார்கள். களை இல்லாத காட்டைப் பார்த்து, அந்த வீட்டுப் பெண்ணை இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை! பொங்கலுக்கு வந்த மகளிடம் இதைச் சொன்னேன். "அதையும் நோட்டுல எழுது அம்மா" என்றாள். எழுதினேன்.

தை பத்துத் தேதி வாக்கில் தாள் மஞ்சளாகிக் கழுத்து மடிந்து சாய ஆரம்பித்தது. முக்கால் பங்கு சாய்ந்தால் பறிக்கலாம். பறிப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஈரத்தோடு பறித்த காய் பட்டறையில் நிற்காது. எங்களுடையது கரிசல் மண். காய்ந்தால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். கொத்தால் பக்கத்தில் லேசாகக் கிளறி, தாளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் கொத்தாக வந்துவிடும். பறித்ததை நேர் வெயிலில் காய விடாமல், ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடுகிற மாதிரி அடுக்கினோம். இரண்டு மூன்று நாள் அப்படி உலர்ந்ததும், கழுத்தில் ஓர் அங்குலம் விட்டுத் தாளை அரிந்தோம். ஒட்ட அரிந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும்.

அப்புறம் தராசு. தொங்கு தராசைக் கிணற்று மேட்டு வேப்பமரக் கிளையில் மாட்டினார் என் கணவர். மகளும் லீவு போட்டு வந்திருந்தாள். பாத்தி பாத்தியாகச் சாக்கில் கட்டி நிறுத்தோம். மூன்று மூன்று பாத்திகளின் சராசரி இது:

இரண்டு கைக்களை எடுத்த வெள்ளை, பாத்திக்கு 27 கிலோ.
மருந்தும் ஒரு கைக்களையும் சேர்ந்த மஞ்சள், 26 கிலோ.
மருந்து மட்டும் அடித்த பச்சை, 17 கிலோ.
ஒன்றும் செய்யாத சிவப்பு, 9 கிலோ.

சிவப்புப் பாத்தியின் காயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கொண்டைக்கடலைக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உரிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். வியாபாரி அதை விலைக்கே கேட்க மாட்டார். மண் ஒன்று, விதைக்காய் ஒன்று, தண்ணீரும் உரமும் ஒன்று. களை ஒன்றுதான் வித்தியாசம்.

மகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் 18 கிலோ. அதற்காக ஒரு பாத்தியில் நாங்கள் உட்கார்ந்தது இரண்டு களைக்கும் சேர்த்துத் தொண்ணூறு நிமிஷம், அதாவது ஒன்றரை மணி நேரம். "அப்பா, ஒரு பொம்பளை ஒரு மணி நேரம் களை எடுத்தா 12 கிலோ வெங்காயம் கூட விளையுது" என்றாள். அவர் நோட்டை வாங்கி, தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். பிறகு அதை மூடி மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு நாம் கொடுக்கிற கூலியில் 12 கிலோ வெங்காயம் வாங்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

மகளே எச்சரிக்கையும் சொன்னாள். இது ஆறு சென்ட், ஒரே ஒரு போகம். இன்னொரு மண்ணில், இன்னொரு மழையில் எண்ணிக்கை மாறும். இதை எல்லோருக்கும் பொதுவான கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் எங்கள் வீட்டு வாதம் தீர்ந்தது. மருந்து மட்டும் அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போகிறது. அதே சமயம், மருந்தோடு ஒரு கைக்களை எடுத்தால் இரண்டு கைக்களைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மாமியார் சொன்னதிலும் என் கணவர் சொன்னதிலும் பாதிப் பாதி நின்றது.

இதில் என் மனசில் குத்துகிற கணக்கும் ஒன்று உண்டு. ஏக்கருக்கு விரித்துப் பார்த்தால், இரண்டு கைக்களைக்குச் சுமார் 43 பெண்கள் ஒரு நாள் வேலை செய்ய வேண்டும். மருந்தும் ஒரு களையும் என்றால் 17 பேர் போதும். நமக்கு மிச்சமாகிற 26 நாள் கூலி ஆயாவைப் போன்றவர்களுக்கு இல்லாமல் போகிற கூலி. இதை நான் மறைக்கவில்லை. ஆயாவிடமே சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஆளு கிடைக்கலே, ஆளு கிடைக்கலேங்கறீங்க. கூலியைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்க, ஆளு வருதா இல்லையான்னு பார்ப்போம்" என்றார்.

அதைப் பற்றி வீட்டில் இரண்டு ராத்திரி பேசினோம். ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. எங்கள் பக்கம் அது மேடைப் பேச்சோடு நின்றுவிட்டது. மருந்து தெளிக்க வருகிற ஆணுக்கு ஒரு கூலி, நாள் முழுக்க மண்ணில் உட்காருகிற பெண்ணுக்கு அதில் பாதி. கேட்டால், "அது உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே" என்பார்கள். 12 கிலோ கணக்குக் கையில் இருந்ததால் இந்தத் தடவை எனக்குப் பேச வாய் இருந்தது. அடுத்த போகத்தில் ஒரு ஏக்கருக்கு மருந்தும் ஒரு களையும், கிணற்று மேட்டு அரை ஏக்கருக்கு மருந்தில்லாமல் இரண்டு களையும் என்று முடிவு செய்தோம். களைக்கு வந்த பெண்களுக்குக் கூலியை நாங்களாகவே உயர்த்திச் சொன்னோம். எட்டுப் பேர் கூப்பிட்டால் எட்டுப் பேரும் வந்தார்கள். அந்த அரை ஏக்கரில் ஆயாவின் மடிக்கும் கீரை கிடைத்தது.

இனி 'வீட்டு ஆள்' கட்டத்துக்கு வருகிறேன். போகம் முடிந்து கூட்டிப் பார்த்தால், அந்த ஆறு சென்டில் மட்டும் நடவு, களை, பறிப்பு, தாள் அரிதல் எல்லாம் சேர்த்து எனக்கும் மாமியாருக்கும் நாற்பத்தோரு மணி நேரம் ஏறியிருந்தது. மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. அவருடைய ஐம்பது வருஷத்துக் களையெடுப்பு எந்தத் தாளிலும் இல்லை. மகள் அவருடைய மணியைத் தனியாகக் கூட்டிப் படித்துக் காட்டினாள். "அம்புட்டு நேரமாடி உட்கார்ந்திருந்தேன்?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவர், "எழுதியாச்சு, சரி. இப்ப இதுக்குக் காசு வேணுமா?" என்று சிரித்தார். எழுதினால் போதும் என்றேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, காசும் வேண்டும் என்றேன்! இப்போது வெங்காயம் விற்ற பணத்தில் எங்கள் இருவர் மணிக்கும், களைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே கூலியைப் போட்டு, என் பெயரிலும் மாமியார் பெயரிலும் தபால் ஆபீசில் கட்டிவிடுகிறார். பெரிய தொகை இல்லை. மாமியார் முதல் தடவை எடுத்த பணத்தில் தன் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்களில் எல்லோருக்கும் வெங்காயக் காடு இருக்காது. மாடு வைத்திருப்பீர்கள், பூக் கட்டுவீர்கள், கணவரின் கடையில் பொட்டலம் மடிப்பீர்கள், தையல் மிஷினில் உட்காருவீர்கள். ஒரு நோட்டு வாங்கி, ஒரு மாதம் மட்டும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதிப் பாருங்கள். சண்டை போடவேண்டும் என்று எழுத வேண்டாம். தெரிந்துகொள்வதற்காக எழுதுங்கள். எங்கள் தெருவில் இரண்டு மாடு கறக்கிற ஒருத்தி, என் நோட்டைப் பார்த்துவிட்டுத் தானும் ஆரம்பித்தாள். புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, கறப்பது, சொஸைட்டிக்குப் பால் கொண்டு போவது என்று எழுதியதில் ஒரு நாளைக்கு ஐந்தேகால் மணி நேரம் வந்ததாம். "இத்தனை நாளா, வீட்ல சும்மாதான் இருக்கேன்னு நானே சொல்லிட்டிருந்தேன் அக்கா" என்றாள்.